கடன் என்னும் கதையாடல்

குற்றப் படம்னா ‘யார் செய்தது?’ என்ற புதிரைத்தான் எதிர்பார்க்கிறோம். நிக்கோலஸ் விண்டிங் ரெஃப்னின் முதல் படமான ‘புஷர்’ (1996) குறைந்த செலவில், கையில் பிடித்த காமிராவோடு, கோபன்ஹேகனில் எடுக்கப்பட்டது. அதில் புதிரே இல்லை. போலீசுக்குப் பயந்து ஓடும் ஃபிராங்க், மிலோவிடம் கடனாக வாங்கிய ஹெராயினை ஏரியில் கரைத்துவிடுகிறான். போலீஸ் அவனை விட்டுவிடுகிறது, கடன் விடுவதில்லை. திரையில் தோன்றும் கிழமைப் பெயர்களைத் தவணை நாட்களாகவே வாசிக்கிறேன். நட்பு, காதல் எல்லாமே ‘எவ்வளவு தேறும்?’ என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கிப்போகிறது. ‘ஃபியர் எக்ஸ்’ (2003) தோற்றுக் கடனாளியான ரெஃப்ன், அதை அடைக்கத்தான் ‘புஷர்’ இரண்டு, மூன்றாம் பாகங்களை (2004, 2005) எடுத்தார். பிரதிக்கு வெளியேயும் அதே பேரேடுதான்.