8 ÷ 2(2 + 2): விடை 16-ஆ, 1-ஆ?

மாணவர்களே, ஒரு தாளை எடுத்து 8 ÷ 2(2 + 2) என்ற கணக்கைச் செய்து பாருங்கள். பக்கத்தில் இருப்பவரையும் செய்யச் சொல்லுங்கள். உங்களுக்கு 16 வந்தால் அவருக்கு 1 வரலாம். 2019 ஜூலை மாதக் கடைசியில் இந்தக் கணக்கு சமூக ஊடகங்களில் பரவி, உலகம் முழுக்க ஆட்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்ஸ் இதைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் கட்டுரையே எழுதினார். இரண்டு கட்சியிலும் கூட்டத் தெரிந்தவர்கள், வகுக்கத் தெரிந்தவர்கள்தான் இருந்தார்கள். பிறகு ஏன் விடை இரண்டாகிறது?

அதற்குப் போகும் முன், சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். திகாம் பத்துவிலோ சுங்கைப் பட்டாணியிலோ ஒரு கடையில் 1 வெள்ளி 50 காசு விலையில் இரண்டு ரொட்டி சானாய், 2 வெள்ளி விலையில் மூன்று தே தாரிக் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு இதுதான்: 2 × 1.50 + 3 × 2. கைப்பேசியில் அப்படியே தட்டினால் 9 வரும். கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சாதாரண கால்குலேட்டரில் அதே விசைகளை அதே வரிசையில் தட்டினால் 12 வரும்! அது கெட்டுப்போன கால்குலேட்டர் இல்லை. ஒவ்வொரு விசையைத் தட்டியதும் அதுவரை வந்ததைக் கணக்கிட்டு முடித்துவிடும். 3-உடன் 3-ஐக் கூட்டி 6 ஆக்கிவிட்டு, பிறகு அந்த 6-ஐ 2-ஆல் பெருக்குகிறது. அனுபவமுள்ள கடைக்காரர்கள் அதனால்தான் ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் நினைவக விசையைத் தட்டிச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

கைப்பேசிதான் எப்போதும் சரி என்று நினைத்துவிட வேண்டாம். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி 98.6 பாரன்ஹீட் காட்டுகிறது. அதைச் செல்சியஸுக்கு மாற்ற 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுக்க வேண்டும். அடைப்புக்குறி போடாமல் 98.6 − 32 × 5 ÷ 9 என்று தட்டினால், சாதாரண கால்குலேட்டர் 37 என்று சரியாகச் சொல்லும். கைப்பேசியோ 80.8 என்று சொல்லும். அந்தச் சூட்டில் தேநீர் இருக்கலாம், மனிதன் இருக்க முடியாது. கைப்பேசி 32 × 5 ÷ 9 என்பதை முதலில் முடித்துவிட்டது. இங்கே விடை அபத்தமாக இருப்பதால் உடனே கண்டுபிடித்துவிடுகிறோம். எல்லாக் கணக்கிலும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

பெருக்கலுக்கு ஏன் முதலிடம்? பெருக்கல் என்பது கூட்டலின் சுருக்கம். 3 × 2 என்று எழுதுவது 2 + 2 + 2 என்பதைச் சுருக்கித்தான். எனவே 3 + 3 × 2 என்பதை விரித்தால் 3 + 2 + 2 + 2 = 9. சுருக்கி எழுதினாலும் விரித்து எழுதினாலும் ஒரே விடை வர வேண்டும் என்றால் பெருக்கலை ஒரு மூட்டையாகக் கட்டித்தான் ஆக வேண்டும்.

நம் பழைய தமிழ் எண்களிலும் இந்த மூட்டை இருக்கிறது. ௰ என்றால் 10, ௱ என்றால் 100, ௲ என்றால் 1000. சுழியம் கிடையாது. ௨௱ என்று எழுதினால் 200. ௱௨ என்று எழுதினால் 102. சிறிய எண் பெரிய எண்ணுக்கு முன்னால் வந்தால் பெருக்கல், பின்னால் வந்தால் கூட்டல். பேசும்போதும் இருநூறு, நூற்றிரண்டு என்று வேறுபடுத்தித்தானே சொல்கிறோம்? ௩௲௪௱௫௰௬ என்பது 3 × 1000 + 4 × 100 + 5 × 10 + 6, அதாவது 3456. ௨௰௫௲ என்பது என்ன? 20-உடன் 5000-ஐக் கூட்டி 5020 என்று யாராவது சொல்லக்கூடும். ஆனால் பெரிய எண்ணைத்தான் முதலில் எழுத வேண்டும் என்ற வழக்கப்படி 5020-ஐ ௫௲௨௰ என்றுதான் எழுதுவார்கள். ஆகவே ௨௰௫௲ என்பது இருபத்தைந்தாயிரம் மட்டுமே. எழுதுபவரும் படிப்பவரும் ஒரே வழக்கத்துக்கு ஒப்புக்கொண்டதால் குழப்பத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

நீங்கள் கலவைக் கணக்கில் படித்த போட்மாஸ் அப்படியொரு ஒப்பந்தம்தான். ஆனால் அதை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர்கள் 10 − 4 + 3 என்ற கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். கூட்டல் முதலில், கழித்தல் பிறகு என்று எண்ணி 10 − 7 = 3 என்று எழுதுகிறார்கள். கூட்டலும் கழித்தலும் சம மதிப்புடையவை, இடமிருந்து வலமாகச் செய்ய வேண்டும், விடை 9. பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் அதே விதி.

இப்போது 8 ÷ 2(2 + 2). அடைப்புக்குறிக்குள் 4. மீதி 8 ÷ 2 × 4. இடமிருந்து வலமாகச் செய்தால் 16. பள்ளி விதிப்படி இதுதான் விடை. அப்படியானால் 1 என்று சொன்னவர்கள் விதி தெரியாதவர்களா? இல்லை. 2-க்கும் அடைப்புக்குறிக்கும் இடையே பெருக்கல் குறி இல்லை என்பதைக் கவனியுங்கள். 12 ÷ 3க என்று எழுதி, க = 2 என்று சொன்னால் உங்களில் பலர் 3க என்பதை ஒன்றாகவே எடுத்து 12 ÷ 6 = 2 என்பீர்கள். குறியில்லாமல் ஒட்டி நிற்கும் எண்கள் ஒரே மூட்டை என்று கண் நினைக்கிறது. பிசிக்கல் ரிவியூ என்ற இயற்பியல் ஆய்விதழின் எழுத்து விதிகளும் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் பெருக்கலை முதலில் முடிக்கச் சொல்கின்றன.

கருவிகளும் இதில் ஒத்துப்போவதில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-82 ஒட்டி நிற்கும் பெருக்கலுக்கு முன்னுரிமை தந்தது; அடுத்து வந்த டிஐ-83 தரவில்லை. கேசியோ கிளாஸ்விஸ் கால்குலேட்டரோ 8 ÷ (2(2 + 2)) என்று தானாகவே அடைப்புக்குறியைச் சேர்த்துக் காட்டிவிட்டு 1 என்கிறது. குறைந்தது அது என்ன நினைத்தது என்பதையாவது நமக்குக் காட்டுகிறது!

என்னைக் கேட்டால், இந்தக் கணக்கில் குற்றம் விடையில் இல்லை, கேள்வியில் இருக்கிறது. ÷ குறியே கொஞ்சம் வில்லங்கமானது. யோஹான் ரான் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1659-இல் வெளியிட்ட நூலில் அதை வகுத்தலுக்குப் பயன்படுத்தினார். டென்மார்க், நார்வே போன்ற நாடுகளில் அதே குறி கழித்தலுக்கு வழங்கியது. ஐஎஸ்ஓ 80000-2 என்ற அனைத்துலகத் தரநிலை ÷ குறியைத் தவிர்க்கச் சொல்கிறது.

அறிவியல் பாடத்தில் இதன் விலை என்ன என்று பாருங்கள். 240 கிராம் பொருண்மையுள்ள ஒரு கட்டை. நீளம் 10, அகலம் 4, உயரம் 2 சென்டிமீட்டர். அடர்த்தி காண 240 ÷ 10 × 4 × 2 என்று தட்டினால் 192 வரும். சரியான விடை ஒரு கன சென்டிமீட்டருக்கு 3 கிராம். தங்கத்தின் அடர்த்தியே சுமார் 19.3தான். தாளில் நீண்ட கோடு போட்டு மேலே 240, கீழே 10 × 4 × 2 என்று எழுதினால் குழப்பம் வராது, அந்தக் கோடே அடைப்புக்குறியின் வேலையைச் செய்கிறது. கருவியில் கோடு இல்லாவிட்டால் 240 ÷ (10 × 4 × 2) என்று தட்டுங்கள்.

எக்செல் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று. −3² என்பது கணிதத்தில் −9. எக்செலில் =-3^2 என்று தட்டிப் பாருங்கள், 9 வரும். கழித்தல் குறியை 3-உடன் முதலில் ஒட்டிவிட்டுத்தான் அது வர்க்கம் எடுக்கிறது. −9 வேண்டுமானால் =-(3^2) என்று எழுத வேண்டும்.

அடுத்த வாரத்துக்குள் செய்து பார்க்க ஒன்று: ௩௱௭, ௩௱௭௲ ஆகிய இரண்டு எண்களையும் இன்றைய முறையில் எழுதுங்கள். இரண்டாவதற்கு எங்கே அடைப்புக்குறி தேவைப்படுகிறது என்பதையும் குறித்து வையுங்கள்.