பற்றை மண்டிய முற்றம்

ஒரு வீட்டின் நிலையை அறிவதற்கு அதனுள்ளே செல்ல வேண்டுவதில்லை. படலையடியில் நின்று முற்றத்தை ஒருமுறை நோக்கினாலே போதும். கூட்டித் தண்ணீர் தெளித்த முற்றம், 'உள்ளே ஆளுண்டு, அடுப்பெரிகின்றது' என்று சொல்லும். முழங்காலளவு புல் வளர்ந்த முற்றமோ வேறு கதை சொல்லும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒழுங்கைகளிலே இந்த இரண்டாவது கதையைச் சொல்லும் முற்றங்கள் இன்று பல. வீட்டுக்காரர் கடல் கடந்து சென்றனர், பிள்ளைகள் கொழும்பிலே குடியேறினர், முதியவர்கள் மறைந்தனர். கேற்றிலே பூட்டு, பூட்டின்மேலே கொடி.

வெளிநாட்டில் வாழும் எமது பெரியம்மாவின் வீடும் அத்தகையதே. வலிகாமத்து ஊரொன்றிலுள்ள அவ்வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எம்முடையது. பொறுப்பு என்று சொன்னோமே தவிர, ஆண்டுக்கு ஒருமுறை கேற்றைத் திறந்து பார்த்து, 'அடுத்த முறை துப்புரவாக்குவோம்' என்று மீண்டும் பூட்டிவிட்டு வருவதே எமது வழக்கமாயிருந்தது.

சென்ற கார்த்திகை மாத மழையோடு அந்த வழக்கத்துக்கு முடிவு வந்தது. அயல்வீட்டுச் சிறுமி டெங்குக் காய்ச்சலால் பீடிக்கப்பட்டு வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டாள். நுளம்பு எங்கே பெருகுகின்றது என்று ஆராய வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர், எமது மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மறுநாள் எமது கையில் ஓர் அறிவித்தல் இருந்தது. வளவில் நுளம்பு பெருகாது காப்பது உரிமையாளரதும் குடியிருப்பவரதும் கடமையென 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் விதிக்கின்றது. அபராதத்துக்கு நாம் அஞ்சியதிலும் பார்க்க, அச்சிறுமியின் தாயாரை நேருக்கு நேர் காண அஞ்சியதே அதிகம். நல்ல வேளையாக, ஒரு வாரத்தின்பின் பிள்ளை நலம் பெற்று வீடு திரும்பினாள்.

கூலிக்கு ஆள் தேடினோம். வந்தவர் வளவை ஒருமுறை நோக்கிவிட்டு, பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்தால் ஒரு காலைப்பொழுதில் எல்லாவற்றையும் வழித்துத் தள்ளிவிடலாம் என்றார். நாமும் இசைந்திருப்போம். அன்றிரவு பெரியம்மா தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னார்: "தம்பி, கிணத்தடிக்குப் போற வழியிலை அம்மா வைச்ச முல்லை நிண்டது. பார்த்து வெட்டச் சொல்லு."

இயந்திரத்துக்கு முல்லையும் தெரியாது, முட்செடியும் தெரியாது. ஆகவே கத்தியும் மண்வெட்டியும் உழவாரமும் கடகமுமாக நாமே குடும்பத்தோடு இறங்கினோம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன. அந்த மூன்று நாள்களிலும் நாம் கற்றவற்றை, பூட்டிய வளவொன்றைத் திறக்கவிருக்கும் வாசகர்களுக்குச் சொல்லுதல் நன்று.

முதலிற் கண், பிறகு கத்தி

பற்றைக்குள் எடுத்த எடுப்பில் இறங்குதல் ஆகாது. முழுக்காற்சட்டையும் மூடிய சப்பாத்தும் அணிந்து, நீண்ட தடியொன்றினால் புல்லைத் தட்டித் தட்டியே முன்னேற வேண்டும். சருகுக் குவியலும் ஓட்டுக் குவியலும் விரியன் பாம்புக்கு உவப்பான இடங்கள். அவற்றைக் கையால் அள்ளாது மண்வெட்டியாற் புரட்டுக. ஒருவேளை பாம்பு கடித்துவிட்டால், கடிவாயைக் கீறுதலும் கயிற்றால் இறுகக் கட்டுதலும் தவறு. கடியுண்ட உறுப்பை அசையாது வைத்து, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். புல்லுக்குள் மறைந்து கிடக்கும் கட்டில்லாக் கிணறும், மூடியுடைந்த மலக்குழியும் பாம்பிலும் கொடியவை. வேலை தொடங்குமுன் அவற்றின் இடத்தை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, தடி நாட்டி அடையாளமிடுக.

போர் நடந்த நிலங்களுக்கு இன்னுமோர் எச்சரிக்கை உண்டு. போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்தது. கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 2017 ஆம் ஆண்டில் இணைந்தது. ஆயினும், வெடிபொருள் அகற்றப்பட்டதென உறுதிசெய்யப்படாத நிலத்தில் எவரும் கால் வைக்கலாகாது. இனந்தெரியாத இரும்புத் துண்டு கண்ணிற்பட்டால், அதனைத் தொடாது, வந்த வழியே திரும்பிப் பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும். பிள்ளைகளுக்கு இதனை வேலைக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

மூன்று பகைவர்கள்

எமது முற்றத்தை ஆண்டுகொண்டிருந்த செடிகளுள் முதன்மையானது பார்த்தீனியம். வெண்ணிறச் சிறு பூக்களோடு பார்வைக்குச் சாதுவாகத் தோன்றும் இச்செடி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. இலங்கையின் வடபகுதியில் இது 1980 களின் பிற்பகுதியிலிருந்து பரவலாயிற்று. ஒரு செடி 15,000 இற்கும் அதிகமான விதைகளை ஈனவல்லது. இதன் மகரந்தம் சிலருக்கு இழுப்பையும், செடியைத் தொடுதல் தோலிலே சொறியையும் உண்டாக்கும். ஆகவே கையுறை அணிந்து, வாய், மூக்கைத் துணியால் மறைத்து, பூக்குமுன்பே வேரோடு பிடுங்குதல் வேண்டும். மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும் நாள்களே இதற்கு ஏற்றவை. பூத்துவிட்ட செடிகளைப் பசளைக் குழியிலே சேர்த்தால், வரும் ஆண்டில் தோட்டமெங்கும் நாமே விதைத்தவராவோம். அவற்றை வேறாக ஆழக் குழி தோண்டிப் புதைத்தோம்.

இரண்டாவது நாயுண்ணி. 1826 ஆம் ஆண்டில் அழகுச் செடியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட இது, பழந்தின்னும் பறவைகளின் உதவியால் நாடெங்கும் பற்றையாயிற்று. அழகுக்காக ஒரு செடியை அழைத்து வருவோர் அதன் குணத்தையும் விசாரித்தல் நன்று என்பதற்கு இதுவே சான்று. நாயுண்ணியை நிலமட்டத்தில் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். அலவாங்கினால் வேரைக் கிளப்பினாலன்றித் தொல்லை தீராது.

மூன்றாவது கோரை. மேலே புல்லைச் செருக்கினால் கீழே கிழங்கு சிரிக்கும். கிழங்குகளைத் தோண்டிப் பொறுக்குவதைத் தவிர வேறு வழியில்லை. இப்பணிக்குப் பிள்ளைகளின் கூரிய கண்களே சிறந்தவை. ஒரு கடகம் கிழங்குக்கு ஓர் ஐஸ்கிறீம் என்று பேசி முடித்தோம், எமக்கு நட்டமே.

'ஒரு போத்தல் களைநாசினி போதுமே' என்று சிலர் அறிவுரை கூறினர். குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றுமில்லை. நாம் குடிப்பது சுண்ணாம்புக் கல்லின் அடியில் தங்கும் மழைநீரையே. முற்றத்திலே தெளிப்பது அக்கல்லின் வெடிப்புகளினூடே கிணற்றைச் சென்றடையலாம். அக்கிணறு எமது கிணறாகவே இருக்க வேண்டுமென்ற நியதியும் இல்லை.

ஆட்டுக்கல்லிற் கண்ட உண்மை

இரண்டாம் ஞாயிறு, மாதுளையடியில் பழைய ஆட்டுக்கல் ஒன்று வெளிப்பட்டது. எமது பாட்டியார் தோசைக்கு மாவரைத்த கல் அது. அதன் குழியிலே தேங்கிய மழைநீரை உற்று நோக்கினோம். நுளம்புக் குடம்பிகள் நூற்றுக்கணக்கிலே நெளிந்துகொண்டிருந்தன. சிரட்டைகள், தயிர்ச் சட்டிகள், ஒரு பழைய டயர் என எல்லாவற்றிலும் அதே காட்சி. அயல்வீட்டுப் பிள்ளையின் காய்ச்சல் இங்கிருந்துதான் சென்றதென எவரும் நிரூபிக்க இயலாது. ஆயினும் அந்தக் கல்லின் முன் நின்றபோது எமக்கு வாய் திறக்க இயலவில்லை.

2017 ஆம் ஆண்டில் மாத்திரம் இலங்கையிலே 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர்; 400 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். டெங்கு நுளம்பின் முட்டை முழு நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் செல்லும். அம்முட்டை நீரின்றியும் பல மாதங்கள் உயிரோடிருக்கவல்லது. எனவே நீரைக் கவிழ்த்து ஊற்றினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும். ஆட்டுக்கல்லைத் தும்பினால் தேய்த்துக் கழுவி, விறாந்தையில் ஏற்றி வைத்தோம்.

வெட்டாமல் விட்டவை

துப்புரவாக்குதல் என்பது எல்லாவற்றையும் அழித்தலன்று. பற்றைக்குள்ளே நண்பர்களும் மறைந்திருந்தனர். வேலியிலே முசுட்டையும் முடக்கொத்தானும் படர்ந்திருந்தன. இலைக்கஞ்சிக்கு இவற்றை விலை கொடுத்து வாங்குவோரும் உளர். ஆடாதோடை, கறிவேப்பிலை, காய்த்துக் களைத்த ஒரு தேசி மரம் என ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. வேம்பின் தாழ்ந்த கிளைகளை மாத்திரம் கழித்து, நிழலை வைத்துக்கொண்டோம். சருகுகளை எரிக்காது, குழியிலிட்டு மண் தூவி மூடினோம். அடுத்த மாரிக்குள் அவை எருவாகும். முற்றம் முழுவதையும் சீமெந்தினால் மூடிவிடலாம் என்ற யோசனையையும் கைவிட்டோம். மழைநீர் நிலத்திலே சுவறாவிடிற் கிணறு எவ்வாறு ஊறும்?

மூன்றாம் ஞாயிறு மாலை, கிணற்றடி வழியிலே நாயுண்ணியின் கடைசிப் பற்றையை அகற்றியபோது, விரல் மொத்தத்தில் ஒரு கொடி தரையோடு தரையாய்க் கிடந்தது. இலை மிகச் சில. நகத்தினாற் கீறிப் பார்த்தோம், உள்ளே பச்சை. முழங்கால் உயரத்தில் கவாத்துச் செய்து, ஒரு தடி நாட்டித் தூக்கிக் கட்டினோம்.

தைப்பொங்கலன்று அம்முற்றத்தை மெழுகிப் பொங்கற்பானை வைத்தோம். கோலமிட்டவள் அயல்வீட்டுச் சிறுமி. அவளுடைய தாயார் பொங்கலைக் கையில் வாங்கிக்கொண்டு, "எல்லாம் வடிவாய்த்தான் இருக்கு. இனி ஆர் கூட்டுறது?" என்று கேட்டார்.

நியாயமான வினா. முற்றம் ஒரே நாளிற் காடாவதில்லை. 'அடுத்த முறை' என்று நாம் தள்ளிவைத்த நாள்களே காடாயின. நுளம்பு முட்டை வளர ஒரு வாரம் வேண்டுமெனின், வாரத்தில் அரைமணி நேரம் நாம் குனிந்தாற் போதும். இப்போது ஞாயிறுதோறும் காலையில் முறைவைத்துச் செல்கின்றோம். முல்லையிலே நான்கு துளிர்கள் வந்துள்ளன. அவற்றைப் படம் பிடித்துப் பெரியம்மாவுக்கு அனுப்பினோம். 'பூக்கட்டும், வருகிறேன்' என்று பதில் வந்தது.