பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன்
நெடிய தூண்டிற்கோலைத் தெரிந்தெடுக்கும் முறை

தூண்டில் என்றதும் நம் நாட்டவர் மனக்கண்முன் தோன்றுவது குளக்கட்டிலோ பாலத்தடியிலோ ஒரு மூங்கில் தடியையும் சிறிது தங்கூசியையும் வைத்துக்கொண்டு பொறுமையோடு காத்திருக்கும் ஒருவரின் காட்சியே. முள்ளில் மண்புழுவைக் கோத்து நீரில் விட்டபின் அவருக்கு வேறு வேலை இல்லை. ஆனால், வட அமெரிக்காவின் நன்னீர் ஏரிகளில் வாழும் மஸ்கி என்னும் மீனைப் பிடிக்கப் புறப்படுபவருக்கு இவ்வாறு சும்மா இருக்கும் பாக்கியம் கிடைப்பதில்லை. காலை முதல் மாலை வரை, நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை, ஓர் இறாத்தல் வரை நிறையுள்ள பொய்யிரையை வீசுவதும் இழுப்பதுமாகவே அவருடைய பொழுது கழியும். அத்தகைய வேலைக்கு எத்தகைய கோல் வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் ஆராய எண்ணுகின்றோம். ஒன்ராறியோவில் குடியேறி வாழும் நம்மவர் இன்று பலர். அங்குள்ள கவர்த்தா ஏரிகளிலும் இம்மீன் உண்டு. ஆகவே, இது நமக்கு முற்றிலும் அந்நியமான விடயமன்று.

மீனின் இயல்பு

கருவியைத் தெரிந்தெடுக்குமுன் எதிரியை அறிதல் வேண்டும் அன்றோ? மஸ்கி என்பது மஸ்கெலஞ் என்னும் பெயரின் சுருக்கம். அப்பெயர் அமெரிக்கப் பழங்குடியினரின் மொழியிலிருந்து பிறந்தது. நம் கடலிலுள்ள சீலா மீனைப் போல நீண்ட உடலும், நீண்ட தாடையும், கூரிய பற்களும் உடையது. எனினும் சீலாவுக்கு உறவானதன்று. பைக் என்னும் நன்னீர் மீன் குடும்பத்தில் மிகப் பெரியது இதுவே. பெரிய ஏரிகள், சென் லோறன்ஸ் நதி, மிசிசிப்பி நதியின் மேற்பகுதி ஆகியன இதன் தாயகம். விஸ்கொன்சின் மாநிலம் 1955 ஆம் ஆண்டில் இதனைத் தன் மாநில மீனாகப் பிரகடனஞ் செய்தது.

சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் ஏற்றுக்கொண்டுள்ள உலக சாதனை, 1949 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் விஸ்கொன்சினிற் பிடிபட்ட 67 இறாத்தல் 8 அவுன்சு நிறையுள்ள மீனாகும். அக்கால நிறைகளைப் பற்றி இன்றுவரை வாதம் ஓயவில்லை. அண்மைக்காலத்தில், 2021 நவம்பரில், மினசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரியில் 55 இறாத்தலுக்கு மேற்பட்ட மீன் ஒன்று பிடிபட்டு அம்மாநிலத்தின் சாதனையாயிற்று.

இம்மீன் கூட்டமாகத் திரிவதில்லை. நீர்ப்பூண்டுகளின் ஓரத்திலும் பாறைகளின் மறைவிலும் தனித்து நின்று இரைமீது பாயும் இயல்புடையது. ஓர் ஏரியில் இவை சிலவே இருக்கும். இருப்பவையும் எளிதில் வாய் திறப்பதில்லை. இதனாற்றான் இதனைப் ‘பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன்’ என்று அங்குள்ளோர் அழைக்கின்றனர். இந்தக் கணக்கு வெறும் பேச்சு வழக்கேயாயினும், அதில் அடங்கியுள்ள உழைப்பு மெய்யானது.

குட்டைக் கோல் நெடுங்கோலான கதை

1950களிலும் அதன்பின் நெடுங்காலமும் மஸ்கி பிடித்தவர்கள் ஐந்தரை அல்லது ஆறடி நீளமான கோல்களையே பாவித்தனர். அவை பில்லியட் விளையாட்டுக் கோலைப் போல் விறைப்பானவை. மரத்தாற் செய்த கனத்த பொய்யிரையை வெடுக்கென இழுப்பதற்கும், மீனின் எலும்பு நிறைந்த வாயில் முள்ளை அழுத்துவதற்கும் விறைப்பே வேண்டும் என்பது அவர்களின் கருத்து. இன்று நிலைமை மாறிவிட்டது. எட்டரை அடியும் ஒன்பது அடியும் சாதாரணமாகிவிட்டன. பத்தடிக் கோலைக் கையாள்வோரும் உளர்.

இம்மாற்றத்துக்கு முதற் காரணம் கோல் செய்யும் பொருளில் ஏற்பட்ட மாற்றமாகும். பிளந்த மூங்கிலும் உருக்கும் வழக்கிலிருந்த காலத்தில் ஒன்பதடிக் கோலை நாள் முழுவதும் வீசுவது எவராலும் இயலாது. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் கண்ணாடி நார் வந்தது. 1970களின் தொடக்கத்திற் காபன் நார்க் கோல்கள் விற்பனைக்கு வந்தன. காபன் நார் இலேசானது, விறைப்பும் மிக்கது. நீளத்தைக் கூட்டினாலும் நிறை கையை முறிக்காது என்ற நிலை அதன் பின்னரே உண்டாயிற்று.

நெம்புகோல் கற்பிக்கும் பாடம்

நீளமான கோலின் நன்மை யாது? வீச்சை முதலில் எடுத்துக்கொள்வோம். கையின் சுழற்சி ஒரே வேகத்தில் இருக்குமாயின், ஏழடிக் கோலின் நுனியைவிட ஒன்பதடிக் கோலின் நுனி கால்பங்குக்கு மேல் அதிக வேகத்துடன் செல்லும். ஆகவே, குறைந்த முயற்சியுடன் பொய்யிரையைத் தூரத்தில் எறியலாம். மீன் கவ்வியதும் கோலைப் பக்கவாட்டில் வீசி இழுக்கும்போது, நீளமான கோல் அதிக கயிற்றைத் தன்னோடு வாரிச் செல்வதால், முள் ஆழமாகப் பதியும்.

நீளத்தினால் கைக்குச் சுமை கூடுமன்றோ என்று மாணவர்கள் வினவலாம். நியாயமான வினாவே. பள்ளியிற் கற்ற நெம்புகோல் விதியைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். ஒன்பதடிக் கோல் ஒன்றை, அதன் அடிமுனையிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில் முன்கை தாங்குவதாகக் கொள்வோம். முன்னே எஞ்சுவது ஏழரை அடி. நுனியில் 8 அவுன்சு, அதாவது அரை இறாத்தல் இழுப்பதாயின், அடிமுனையைப் பின்கை இரண்டரை இறாத்தல் விசையுடன் அழுத்தினாற்றான் கோல் சமநிலையில் நிற்கும். இப்பொழுது முன்கை பிடிக்குமிடத்தை அடிமுனையிலிருந்து இரண்டடி தூரத்துக்கு மாற்றுவோம். முன்னே ஏழடி, பின்னே இரண்டடி. அழுத்தவேண்டிய விசை ஒன்றேமுக்கால் இறாத்தலாகக் குறைந்துவிடும்.

பழைய ஆறரை அடிக் கோலில் கைப்பிடியின் பின்பகுதி ஓரடியே இருந்ததாகக் கொண்டால், அதற்கு வேண்டிய விசை இரண்டேமுக்கால் இறாத்தல்! கோலின் சொந்த நிறையையும் வளைவையும் இக்கணக்கிற் சேர்க்கவில்லை. எனினும் உண்மை தெளிவாகின்றது. கையை வருத்துவது கோலின் மொத்த நீளம் மட்டுமன்று. முன்பகுதிக்கும் பின்பகுதிக்கும் உள்ள விகிதமே. ஆதலால், நெடுங்கோல் வாங்குபவர் முதலிற் பார்க்கவேண்டியது கைப்பிடியை. உருளைக்குப் பின்னுள்ள கைப்பிடி முழங்கையைத் தாண்டிச் சென்று, விலாப்புறத்தில் அல்லது அக்குளில் ஊன்றத்தக்க அளவு நீண்டிருத்தல் நன்று. கைப்பிடி குட்டையான நெடுங்கோலை எத்துணை மலிவாகக் கொடுத்தாலும் வாங்குதல் தகாது.

படகோரத்தில் எட்டு எழுதுதல்

மஸ்கி மீனிடம் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. பொய்யிரையைக் கவ்வாமல், அதன் பின்னாலேயே படகு வரை தொடர்ந்து வந்து நிற்கும். அனுபவசாலிகள் அப்பொழுது பொய்யிரையை நீரிலிருந்து தூக்குவதில்லை. ஓரடி அளவு கயிற்றை மட்டும் வெளியே விட்டு, கோலின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, எட்டு என்ற இலக்கத்தின் வடிவத்தில் பொய்யிரையைச் சுற்றிச் சுற்றி இழுப்பர். தொடர்ந்து வந்த மீன் அத்திருப்பத்திற் பாய்ந்து கவ்வுவதுண்டு.

நான்கடி நீளமுள்ள மீன் குறுகிய வளைவில் திரும்ப இயலாது. ஆறடிக் கோலால் வரையும் எட்டு மிகச் சிறியது. மீன் பொய்யிரையைத் தவறவிட்டு ஒதுங்கிவிடும். ஒன்பதடிக் கோலோ அகன்ற எட்டு எழுதும்; ஆழத்திலும் எழுதும்; எழுதுபவரும் முதுகை வளைத்துப் படகின் விளிம்புக்கு மேல் தொங்கவேண்டியதில்லை. நெடுங்கோலுக்கு ஆதரவான நியாயங்களுள் இதுவே தலையாயது என்று நாம் கருதுகின்றோம்.

கோலின்மேல் எழுதியிருப்பது

கைப்பிடிக்குச் சற்று மேலே சிறிய எழுத்துக்களிற் சில குறிப்புக்கள் இருக்கும். நீளம், தாங்கக்கூடிய பொய்யிரையின் நிறை, பொருத்தமான கயிற்றின் வலு, கோலின் வலிமை, அது வளையும் விதம் என்பனவே அவை. கடையில் நிறத்தையும் மினுக்கத்தையும் பார்த்து மயங்குவோர் இச்சிறு எழுத்துக்களை வாசிப்பதில்லை.

இவற்றுள் முக்கியமானது பொய்யிரையின் நிறை. நாம் அதிகம் வீச எண்ணும் பொய்யிரை, குறிக்கப்பட்ட எல்லையின் நடுப்பகுதியில் அமைதல் வேண்டும். இரண்டு பெரிய உலோகத் தகடுகள் சுழலும் பொய்யிரையை இழுப்பதற்கு, ஒன்பதடி நீளமும், கனத்த வலிமையும், நடுப்பகுதி வரை ஓரளவு வளையும் தன்மையும் பொருந்தும். 16 அவுன்சு வரை நிறையுள்ள பெரிய றப்பர் மீன்களை வீசுவோருக்கு அதினும் பன்மடங்கு வலிய கோல் வேண்டும். கோலைக் கீழ்நோக்கி வெடுக்கென அசைத்து இயக்கும் மரப் பொய்யிரைகளுக்கோ ஏழரை அல்லது எட்டடியே சிறந்தது. அதற்கு மேற்போனால் தாழ்ந்த படகில் நிற்பவரின் கோல்நுனி நீரில் அடிபடும்.

ஒரு கோலைத்தான் வாங்க முடியும் என்ற நிலையிலுள்ளவருக்கு, எட்டரை முதல் ஒன்பது அடி வரை நீளமும், ஏறக்குறைய 3 முதல் 10 அவுன்சு வரை தாங்கும் வலுவும் உடைய கோல் பெரும்பாலான வேலைகளுக்கு உதவும். உயரம் குறைந்தவர் எட்டரை அடியோடு நிற்பது உசிதம். உருளையையும் பொருத்தி, கோலைக் கடையிலேயே சில நிமிடங்கள் ஏந்திப் பார்த்தல் வேண்டும். நுனி நிலத்தை நோக்கி விழுவதுபோல் கனக்குமாயின், மாலையில் மணிக்கட்டு அதற்கு வட்டியும் முதலும் செலுத்தும்.

கவனிக்கவேண்டிய குறைகள்

நெடுங்கோலுக்குக் குறைகளும் உள. ஒன்பதடிக் கோலை மோட்டார் காரினுள் ஏற்றுவது பெரும்பாடு. பல படகுகளின் பெட்டிகளிலும் அது அடங்காது. இதற்காகவே, அடிப்பகுதி உள்ளே சென்று நீளம் குறையும் கோல்களைச் செய்கின்றனர். வாங்குமுன் தன் படகின் பெட்டியை அளந்து பார்ப்பவர் புத்திசாலி.

இன்னொன்று, ஆபத்துச் சம்பந்தமானது. இலேசான கோலில் ஓர் இறாத்தல் பொய்யிரையைக் கட்டி முழுப் பலத்துடன் வீசினால் கோல் முறியும். உருளையிற் கயிறு சிக்கி நடுவழியில் நின்றால், கயிறு அறுந்து, முக்கவர் முட்களோடு கூடிய அப்பாரம் எங்கே பறக்கும் என்று சொல்லமுடியாது. படகில் உடனிருப்பவர் குழந்தையாகவும் இருக்கலாம். கனத்த பொய்யிரையைச் சாட்டைபோற் சொடுக்காது, நிதானமாகச் சுழற்றி எறிவதே முறை. மேலும், காபன் நார் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளின் கீழும், இடி மின்னல் நேரத்திலும் நெடுங்கோலை உயர்த்துதல் உயிருக்கே உலை வைப்பதாகும்.

மீனின் உயிரும் ஒரு பொருட்டே

‘கனத்த கோலால் மீனை இலகுவில் இழுத்துவிடுவது வீரமா? மெல்லிய கோலால் நெடுநேரம் போராடுவதன்றோ விளையாட்டு?’ என்று கேட்போர் உண்டு. கேட்பதற்கு இது பெருந்தன்மையான பேச்சாகவே தோன்றும். ஆனால், மீனின் பக்கத்திலிருந்தும் இதனை நோக்குதல் வேண்டும்.

50 அங்குல நீளமுள்ள மஸ்கி பெரும்பாலும் பெண் மீனாகவே இருக்கும். அந்த நீளத்தை அடைவதற்குப் பல ஏரிகளில் 15 ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். ஆண்டுதோறும் முட்டையிட்டு இனத்தைப் பெருக்குவது அத்தகைய முதிர்ந்த மீனே. ஆகையால், இன்று மஸ்கி பிடிப்போரிற் பெரும்பாலானோர் மீனை அளந்து, படம் எடுத்து, மீண்டும் நீரிலேயே விட்டுவிடுகின்றனர். 1966 ஆம் ஆண்டில் மினசோட்டாவில் தோன்றிய ‘மஸ்கீஸ் இன்கோர்ப்பரேட்டட்’ என்னும் சங்கம் இவ்வழக்கத்தைப் பரப்புவதற்கு அரும்பாடுபட்டது. மினசோட்டாவின் உள்நாட்டு ஏரிகளில் 54 அங்குலத்துக்குக் குறைந்த மஸ்கியை வைத்துக்கொள்வதைச் சட்டமே தடுக்கின்றது.

நெடுநேரம் போராடிக் களைத்த மீன், நீந்திச் செல்வதுபோற் காணப்பட்டாலும் பின்னர் இறந்துபோகலாம். கோடையில் நீரின் வெப்பம் ஏறும்பொழுது இவ்வபாயம் அதிகம். 80 பாகை பரனைற்றுக்கு மேற்சென்றால் மீன்பிடியையே நிறுத்திவிடுவோர் பலர். வலிய கோலும், 80 முதல் 100 இறாத்தல் வரை தாங்கும் பின்னற் கயிறும் போராட்டத்தைச் சில நிமிடங்களில் முடித்துவிடும். நெடுங்கோலின் வளைவு, விரியாத அப்பின்னற் கயிற்றின் அதிர்ச்சியையும் தாங்கிக்கொள்ளும். ஆதலின், தகுந்த வலுவுள்ள கோலைத் தெரிந்தெடுப்பது மீனுக்குச் செய்யும் நன்மையுமாகும். அத்துடன் அகன்ற வலையும், நீண்ட குறடும், முள்ளை நறுக்கும் கருவியும் படகில் இருத்தல் அவசியம். இவை மூன்றையும் வாங்கப் பணம் போதாதெனில், கோலின் விலையிற் சிறிது குறைத்துக்கொள்வதே அறிவுடைமை.

சுருங்கக் கூறின், உடலுக்கு ஏற்ற நீளம், பொய்யிரைக்கு ஏற்ற வலு, நீளத்துக்கு ஏற்ற கைப்பிடி, படகுக்கு ஏற்ற அடக்கம் என்னும் நான்கையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பவருக்குத் தவறான கோல் வாய்ப்பதில்லை. ‘ஆழம் அறியாமற் காலை விடாதே’ என்பது நம் முன்னோர் மொழி. ஏரியில் இறங்குபவருக்கு மட்டுமன்றி, ஏரிக்கரையிலுள்ள கடைக்குள் நுழைபவருக்கும் அது பொருந்தும்.