தேர் வீதிகள் தழைக்கட்டும்!

சாரல் காலத்தில் குற்றாலம் போகும் ஜனங்களில் பலர் தென்காசியில் இறங்கி, கோபுர வாசலில் நின்று, மலையிலிருந்து வரும் காற்றை அனுபவித்துவிட்டுச் செல்கிறார்கள். ஆனால் அந்தக் காற்று நுழையும் வீதிகளின் கதியைப் பற்றி நினைப்பவர் சிலரே. அதைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகிறோம்.

2019-ஆம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி தென்காசி தனி ஜில்லாவின் தலைநகராயிற்று. கலெக்டர் கச்சேரிக்காக வடகரை, பண்பொழிக்காரர்கள் திருநெல்வேலி வரை அலைந்த சிரமம் தீர்ந்தது. சந்தோஷமே! ஆயினும் ஊரின் பதவி உயரும்போது மனையின் விலையும் உயர்கிறது. பழைய வீட்டை இடித்துவிடும் ஆசையும் வளர்கிறது.

திண்ணையும் முற்றமும் ஓட்டுக் கூரையும் கொண்ட வீடு வெறும் பழமையன்று. செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று வாசலில் நுழைந்து, உள்ளே இருக்கும் வெப்பத்தை முற்றத்தின் வழியாக வெளியே தள்ளிவிடும். சிமிண்டும் கண்ணாடியுமாகக் கட்டி அடைத்துவிட்டால் என்ன ஆகும்? மலைக் காற்றை வாசலிலேயே நிறுத்திவிட்டு, குளிர்ச்சியை மின்சாரத்துக்குப் பணம் கட்டி வாங்க நேரிடும்.

புதுக் கட்டடமே கூடாதென்று நாம் சொல்லவில்லை. மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில், ஆங்கிலேயராய்ப் பிறந்து இந்தியராகவே வாழ்ந்த லாரி பேக்கர் (1917-2007) வழி காட்டியிருக்கிறார். செங்கலைக் குத்தாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பினால் செங்கலில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சமாகும். வெயிலும் எளிதில் உள்ளே இறங்காது. தளம் போடும்போது பழைய ஓடுகளை இடையிடையே பதித்தால் சிமிண்டுச் செலவும் குறையும்.

"ஓடு மாற்ற ஆள் ஏது? மராமத்துக்குப் பணம் ஏது?" என்று வீட்டுக்காரர் கேட்பது நியாயமே. தனி ஒருவரால் இயலாததுதான். அமெரிக்காவில் 1977-ல், களையிழந்த மூன்று சிறு நகரங்களின் கடைவீதிகளை, பழைய கட்டடங்களை இடிக்காமலே வியாபாரிகளும் வீட்டுக்காரர்களும் நகரசபையும் கூடிச் சீர்திருத்தத் தொடங்கினார்கள். அம்முறை பிறகு பல ஊர்களுக்கும் பரவிற்று.

அவ்வளவு தூரம் போவானேன்? நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாய் நின்ற தென்காசிக் கோபுரம், பொதுஜனங்களின் பொருளுதவியால் ஒன்பது நிலைகளுடன் மீண்டும் எழுந்து, 1990-ல் கும்பாபிஷேகம் கண்டதே! கோபுரத்துக்குக் கூடிய கைகள் வீதிக்கும் கூடலாகாதா? வீதிக்கு ஒரு சங்கம், அதில் ஒரு மராமத்து நிதி; கடைக்காரர்கள் முகப்பை மறைக்கும் விளம்பரப் பலகைகளைக் குறைக்கட்டும்; நகரசபை சாக்கடையையும் நடைபாதையையும் செம்மைப்படுத்தட்டும்; கூரையில் விழும் மழைநீரை, 2003-லிருந்து சட்டம் விதித்திருக்கும்படி, ஒவ்வொரு வீடும் மண்ணுக்குள் இறக்கட்டும். மாதம் ஒரு சிறு தொகை, வாரம் ஒரு மணி நேர உழைப்பு: இதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

15-ஆம் நூற்றாண்டில் இக்கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதற்குக் குறை நேர்ந்தால் அதை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரைத் தான் பணிவதாகக் கல்வெட்டில் பொறித்து வைத்தான். கட்டியவனே காப்பவனை வணங்கினான்! கோபுரத்தைக் காத்து அந்த வணக்கத்துக்கு உரியவரானவர்கள், அதன் நிழலில் இருக்கும் வீதிகளையும் காக்க முன்வருவார்களாக.