நின்றுபோன பீட்டிலை எழுப்பும் முன்

ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் வருடக்கணக்காக நின்ற ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வெளியே வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும். புது பேட்டரி வைத்து, இரண்டு லிட்டர் பெட்ரோல் ஊற்றி, சாவியைத் திருப்புகிறார்கள். இந்தக் காரில் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

முதல் ஆபத்து தீ. பீட்டிலில் டேங்க் முன்னால், இன்ஜின் பின்னால். பெட்ரோல் குழாய் தரையின் நடுத்தண்டு வழியாகப் பின்பக்கம் வருகிறது. டேங்குக்கு அடியில், கியர் பாக்ஸ் பக்கத்தில், இன்ஜின் அறைக்குள் என அங்கங்கே துணிப் பின்னல் போர்த்திய ரப்பர் ஹோஸ்கள் இருக்கும். பின்னல் மேலே நன்றாக இருப்பதுபோல் தெரியும். வளைத்துப் பார்த்தால் உள்ளே வெடிப்பு தெரியும். பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரை அது சீக்கிரமே கெடுத்துவிடும். ஆகவே ஒன்று விடாமல் எல்லா ஹோஸையும், எத்தனால் தாங்கும் ரகமாகவே மாற்றுங்கள்.

அடுத்து கார்புரேட்டரைப் பாருங்கள். பெட்ரோல் உள்ளே நுழையும் சின்னப் பித்தளைக் குழாய் வெறும் இறுக்கத்தில்தான் நிற்கிறது. அதிர்வில் அது தளர்ந்து கழன்றால், பம்ப் தள்ளும் பெட்ரோல் பக்கத்திலேயே பொறி விடும் டிஸ்ட்ரிபியூட்டர் மேல் கொட்டும். பல பீட்டில்கள் எரிந்தது இப்படித்தான். கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் சரிசெய்யாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டருக்கு மேலே தொங்கவிட்ட பிளாஸ்டிக் ஃபில்டர் இருந்தால் அதையும் அங்கிருந்து எடுத்து, இன்ஜின் அறைக்கு வெளியே பொருத்தச் சொல்லுங்கள்.

இன்ஜின் கூடு மெக்னீசியம் கலந்த உலோகம். அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் இன்னும் சீறும். கைக்கெட்டும் இடத்தில் ஏ.பி.சி. பவுடர் அணைப்பான் ஒன்று இருக்கட்டும். பெட்ரோல் தீ ஆரம்பத்திலேயே இருந்தால் அதனால் அடக்கலாம். கூடே எரியத் தொடங்கிவிட்டால் விலகி நின்று 101-ஐ அழைப்பதே வழி. பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருப்பதையும் மறக்காதீர்கள். மூடி இல்லாமல் வைத்தால், கனமான ஒருவர் உட்காரும்போது சீட்டின் இரும்பு ஸ்பிரிங் டெர்மினலைத் தொட்டு, பஞ்சு புகையும்.

டேங்க் ஓட்டையாக இருந்தால் காலி டேங்க்தானே என்று வெல்டிங் வைக்கவே கூடாது. உள்ளே தங்கியிருக்கும் ஆவி வெடிக்கும்.

இரண்டாவது, சூடு. இந்த இன்ஜினுக்கு ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. தகரக் கூண்டுக்குள் சுழலும் ஃபேன் தள்ளும் காற்றுதான் எல்லாம். நின்ற காரில் அந்தக் கூண்டு எலிக்கும் அணிலுக்கும் வீடு. தேங்காய் நாரும் காகிதமும் சிலிண்டர் துடுப்புகளுக்கு நடுவே அடைத்திருக்கும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. இன்ஜினும் கொஞ்ச நேரம் அழகாக ஓடும். பிறகு, பெரும்பாலும் மூன்றாவது சிலிண்டரின் வால்வு சூட்டில் போய்விடும். எழுபதுகளின் தொடக்கம் வரை வந்த மாடல்களில் ஆயில் கூலர் ஃபேன் கூண்டுக்குள்ளேயே, அந்த சிலிண்டருக்குப் போகும் காற்றை மறித்து நிற்கிறது. கூண்டைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் ஓட்டாதீர்கள். கழற்றிய தகரங்களில் ஒன்றைக்கூட, இன்ஜினைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்பைக்கூட, தேவையில்லை என்று ஒதுக்க மெக்கானிக்கை விடாதீர்கள். நம் ஊர் சித்திரை வெயிலில் அந்தத் தகரம்தான் இன்ஜினின் உயிர்.

ஃபேனையும் ஜெனரேட்டரையும் சுற்றுவது ஒரே பெல்ட். ஓடும்போது ஜெனரேட்டரின் சிவப்பு விளக்கு எரிந்தால் பேட்டரிதானே, வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். பெல்ட் அறுந்திருக்கலாம், உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

ஸ்டார்ட்டரைத் தொடுமுன் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, கப்பி நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பலம் காட்டக் கூடாது. ஆயில் ஊற நாள் கொடுங்கள். புது ஆயில் இரண்டரை லிட்டர்தான் பிடிக்கும். தனி ஃபில்டர் இல்லை, ஒரு சல்லடை மட்டுமே. அதையும் கழற்றிக் கழுவுங்கள்.

பிரேக் பெடல் கெட்டியாக இருப்பதை நம்பாதீர்கள். பழைய ரப்பர் குழாய் உட்புறம் வீங்கி, மிதித்ததை விடாமல் பிடித்துக்கொள்ளும். அறுபதுகளின் மாடல்கள் பலவற்றில் பிரேக் ஒரே சுற்று. ஒரு இடத்தில் கசிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. பழைய பிரேக் ஷூ தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். துடைக்கும் பட்டறைப் பையனின் நுரையீரலும் நம் பொறுப்புதான்.

இனி ஆவணம். ஆர்.சி. அப்பா பெயரிலேயே இருக்கும், அவரும் இருக்க மாட்டார் என்பது பல வீடுகளின் நிலை. உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-ல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். கெடு தாண்டியிருந்தாலும் வாரிசுச் சான்றோடு போய்க் கேளுங்கள். அபராதம் வரலாம், உரிமை போய்விடாது.

சொந்தக் காரின் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், தகுதிச் சோதனையோடு. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கட்டணத்தை உயர்த்திய பிறகு, 20 வருடம் தாண்டிய இறக்குமதிக் காருக்கு இது 80,000 ரூபாய். நம்மிடமுள்ள பழைய பீட்டில்கள் இறக்குமதியானவை என்பதால் இந்தத் தொகை நேராக நம் தலையில் விழுகிறது. இதற்கு மாற்று 2021-ல் வந்த விண்டேஜ் விதி. 50 வருடம் தாண்டி, அசல் உருவம் மாறாமல் இருந்தால், 20,000 ரூபாயில் பத்து வருடப் பதிவு பெறலாம். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினமும் ஆபீஸ் போக ஆசைப்படுகிறவருக்கு இது உதவாது. ஞாயிற்றுக்கிழமைக் காருக்கு இதுவே நல்லது என்பது என் எண்ணம். வேறு இன்ஜின் மாற்றும் யோசனை இருந்தால் முன் அனுமதி வாங்குங்கள். இல்லாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும்.

மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் தெருமுனை வரைகூட ஓட்ட வேண்டாம். முதல் முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிடப் பெரியது, யாருக்காவது அடிபட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் கையிலிருந்து போகும். பேப்பர் சரியாகும் வரை மெக்கானிக்கிடம் ரெக்கவரி வேனில் ஏற்றி அனுப்புங்கள்.

பட்டறையில் விடும்போது என்னென்ன வேலை, எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேளுங்கள். இந்தக் காரின் அசல் பாகத்துக்கு விலை உண்டு. காணாமல் போனால் திரும்பக் கிடைக்காது. விடும் நாளிலேயே கார்புரேட்டர், ஜெனரேட்டர், இன்ஜின் எண் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். வேலை மோசமென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால், இரண்டு வருடத்துக்குள், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. மெக்கானிக்குக்கும் ஓர் உரிமை உண்டு: செய்த வேலைக்குக் கூலி வரும் வரை காரைப் பிடித்துவைக்க 1872 ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. ஆகவே பில்லில் தகராறு என்றால் கார் அங்கேயே மழையில் நனைய விடாதீர்கள். ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன் என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்திட்டு, பணத்தைக் கட்டி, நகல் வாங்கிக்கொண்டு, காரை எடுத்து வந்தபின் வழக்குப் போடுங்கள்.