பழ ஈயின் மருந்துப் பெட்டி

கனிந்த பழத்தை மொய்க்கும் பழ ஈ அழுகலிலேயே பிறந்து அழுகலிலேயே வளர்வது. அது தின்னும் ஒவ்வொரு வாயிலும் பாக்டீரியா உண்டு. நம்மைப் போல ஆன்டிபாடி தயாரிக்கவோ, ஒருமுறை வந்த கிருமியை நினைவில் வைக்கவோ வல்ல லிம்போசைட்டுகள் அதற்குக் கிடையாது. ஆனாலும் பிழைத்துக்கொள்கிறது.

ஈயின் செல் பரப்பில் பிஜிஆர்பி-எல்சி என்றோர் ஏற்பி இருக்கிறது. கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் சுவரிலுள்ள பெப்டிடோகிளைக்கானை அது அடையாளம் காணும். அப்படியொரு பொருளை ஈயின் உடல் தயாரிப்பதே இல்லை. ஆகவே ஆள்மாறாட்டத்துக்கு இடமில்லை. பாக்டீரியா உதிர்க்கும் சுவர்த் துணுக்கு ஏற்பியில் ஒட்டியதும் செல்லுக்குள் ஐஎம்டி என்ற புரதம் முடுக்கப்படுகிறது. அங்கிருந்து சேதி கைமாறிக் கைமாறி ரெலிஷ் என்ற புரதத்தை எட்டும். ரெலிஷுக்கு ஒரு வால் உண்டு. வால் இருக்கும்வரை உட்கருவுக்குள் நுழைய முடியாது. டிரெட் என்ற நொதி வாலை வெட்டியதும் உள்ளே போய் மரபணுக்களை இயக்குகிறது. நம் கல்லீரலுக்கு நிகரான கொழுப்பு உடலம், சில மணி நேரத்தில் கிருமிக்கொல்லிப் பெப்டைடுகளை ரத்தத்தில் கொட்டத் தொடங்கிவிடும்.

பூஞ்சைகளுக்கும் பெரும்பாலான கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களுக்கும் டோல் என்ற தனிப் பாதை உண்டு. 1996-இல் அதன் பங்கைக் காட்டிய ஸ்ட்ராஸ்பூர்க் ஆய்வகத்தின் தலைவர் ஷூல் ஹோஃப்மான் 2011-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புகழ் டோலுக்குப் போனது. எனக்கென்னவோ ஐஎம்டி கதையே சுவை.

ரெலிஷ் ஒரே நேரத்தில் பல பெப்டைடுகளைக் கிளப்புகிறது. எல்லாம் சேர்ந்து எல்லாக் கிருமிகளையும் தாக்கும் கூட்டுக் கஷாயம் இது என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மார்க் ஹான்சன், புருனோ லெமேத்ர் குழுவினர் இந்தப் பெப்டைடுகளுக்கான மரபணுக்களைத் தனித்தனியாகவும் கூட்டாகவும் நீக்கிப் பார்த்தனர். 2019-இல் வெளியான முடிவு அந்த எண்ணத்தை ஆட்டிவிட்டது. புரோவிடென்சியா ரெட்கெரி என்ற பாக்டீரியாவை எதிர்க்க டிப்டெரிசின் என்ற ஒன்றே பெரும்பாடு படுகிறது. அது இல்லாத ஈ, மற்ற பெப்டைடுகள் அத்தனையும் இருந்தும் மடிந்தது. டிப்டெரிசினில் ஓரிடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஆர்ஜினின் அமர்ந்தாலே போதும், அதே பாக்டீரியாவிடம் ஈ எளிதில் தோற்கும் என்பது முன்பே தெரிந்திருந்தது.

2023-இல் இன்னும் வியப்பு. டிப்டெரிசினில் ஏ, பி என இரண்டு உண்டு. ஏ-யின் இலக்கு புரோவிடென்சியா. பி-யின் இலக்கு, புளித்த பழத்தில் பெருகும் அசிட்டோபாக்டர். பழத்தை விட்டுக் காளானுக்கு மாறிய ஈ இனங்கள் அசிட்டோபாக்டரைச் சந்திப்பதில்லை. அவற்றிடம் டிப்டெரிசின் பி மரபணுவும் இல்லை.