ஒரே கிருமி, வெவ்வேறு வழிகள்

எச்.ஐ.வி. எல்லா நிலத்திலும் ஒரே வகையாய்ப் பரவுவதில்லை. இந்தியாவில் அது முதன்முதல் தென்பட்டது, 1986இல் சென்னையில் மருத்துவ மாணவி செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில் திரட்டிய குருதியிலேதான். தமிழகத்தில் அது பெரும்பாலும் உடலுறவு வழியே பரவிற்று. லாரித் தொழில் மிகுந்த நாமக்கல் பெரிதும் பாதிக்கப்பட்டது. மணிப்பூரிலோ, பர்மா எல்லை கடந்து வந்த ஹெராயினைப் பலர் ஒரே ஊசியால் ஏற்றிக்கொண்டதே முதற் காரணம்.

இவ்வேறுபாட்டை இனத்தின் குணம் என்பாரும் உளர். ஆராயாதார் கூற்று அது. மலேசியாவை நோக்குக. இங்கும் 1986இல் கண்டறியப்பட்ட இத்தொற்று, நெடுங்காலம் ஊசி வழியே மிகுந்திருந்தது. 2005இல் மெத்தடோன் மருந்தும், 2006இல் தூய ஊசியும் வழங்கத் தொடங்கியபின் அவ்வழி சுருங்கிற்று. இன்று புதிய தொற்றுகளிற் பெரும்பாலானவை உடலுறவால் நேர்வனவே.